சூரியனுக்கு முன்னால் நான்கு நாழிகை

தட்டில் ரவா உப்புமா ஆவி விட்டுக்கொண்டிருந்தது. நெய்யில் வறுத்த முந்திரி, இஞ்சி, கறிவேப்பிலை. பக்கத்தில் வரதனின் லேப்டாப், அதன் மூடியில் என்றோ சிந்திய காப்பியின் அரை வட்டம். பால்கனிக் கதவு திறந்திருந்தது. கீழே அம்மா மண்டபம் சாலையில் ஒரு பஸ் தேவைக்கு மேல் ஹாரன் அடித்துவிட்டுப் போயிற்று. அதன் பிறகு வந்த அமைதியில் காவிரிப் பக்கத்துக் காற்று லேசாக ஈரம் வைத்திருந்தது.

நான் வாசித்துக்காட்டிக்கொண்டிருந்தேன். கவிதை இல்லை. ஒரு கம்பைலரின் புதிய பதிப்போடு சேர்ந்து போக வேண்டிய, வரதனுக்காக நான் எழுதிய வெளியீட்டுக் குறிப்பு.

கம்பைலர் என்பது மனிதர் எழுதும் ப்ரோகிராமை எந்திரத்துக்குப் புரியும்படி மாற்றித் தருகிற மென்பொருள். வரதன் பாடுபட்டது, அதிகம் பேர் அறியாத ஒரு மொழியின் கம்பைலருக்காக. வாரநாளில் மன்னார்புரம் பக்கம் ஓர் அலுவலகத்தில் சம்பள வேலை. மிச்ச நேரமெல்லாம் இதற்கு. உலகத்தின் பல மூலைகளில் இருந்த ஒரு சிறு கூட்டம் அதைச் சம்பளமில்லாமல் செய்துவந்தது. அந்தக் கூட்டத்தில் ஸ்ரீரங்கத்துக்காரன் இவன் ஒருவன்.

ஒவ்வொரு பதிப்பும் ஒருவரின் கையெழுத்தோடு வெளியாகும். பேனாவால் போடுவதல்ல, கணினிக் கையெழுத்து. ஆனால் ஒருமுறை போட்டால் அந்தப் பதிப்பு இருக்கும்வரை அதுவும் இருக்கும். பல ஆண்டுகள் மற்றவர்களின் கையெழுத்துக்குப் பின்னால் நின்ற வரதனுக்கு முதல்முறையாக முறை வந்திருந்தது. அன்று மாலை வெளியிட வேண்டும். ஏற்கெனவே இரண்டு முறை தேதி தள்ளிப்போயிருந்தது. மூன்றாம் முறை தள்ளினால் கையெழுத்து அடுத்தவருக்குப் போய்விடும் என்பது அவர்கள் கூட்டத்தின் ஏற்பாடு.

“முதல் வரி என்ன வெச்சிருக்கே?” என்றான்.

“பழையது எதுவும் மாறவில்லை, வேகம் மட்டும் கூடியிருக்கிறது. இதை இங்கிலீஷ்ல கொஞ்சம் அழகாச் சொல்லியிருக்கேன்.”

“அழகு வேண்டாண்டா. அவா பயந்துடுவா.”

அப்போதுதான் கோதையின் ஃபோன் அடித்தது.

ஸ்பீக்கரில் வேதா

கோதை வரதனின் மனைவி. மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் ஆசிரியை. கையில் கரண்டி இருந்ததால் ஃபோனை மேசையில் வைத்து ஸ்பீக்கரைப் போட்டாள். அவளுடைய தங்கை வேதாதான். கே.கே. நகரிலிருந்து.

“என்னக்கா பண்ணிண்டிருக்கே?”

“உப்புமா. பிரான்சிஸ் அண்ணா வந்திருக்கார்.”

வேதா குரலைத் தாழ்த்தினாள்.

“அண்ணாவுக்கு மட்டும்தானே?”

“எல்லாருக்கும்தான். நானும் சாப்பிட்டாச்சு. ஏன்?”

“இன்னிக்கு ஏகாதசி.”

“நாளைக்குன்னா போட்டிருக்கு.”

“எங்க போட்டிருக்கு?”

“ஃப்ரிட்ஜ் மேல. உன் அத்திம்பேர் பஞ்சாங்கத்துல.”

“நானும் அத்திம்பேர் பஞ்சாங்கம்தான் பாக்கறேன். என் ஃபோன்ல இன்னிக்குன்னுதான் இருக்கு.”

அந்த அத்திம்பேர், வரதன், மெல்லுவதை நிறுத்தினான். வாயில் இருந்ததை விழுங்கவும் இல்லை, துப்பவும் இல்லை. அவன் முகத்தில் நான் பார்த்தது பாவ பயம் என்று நினைத்தேன். பிறகுதான் தெரிந்தது, அது வேறு பயம்.

மடி

கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

நாங்கள் இருவரும் திருச்சியில் ஒரே கல்லூரியில் படித்தோம். அங்கே கம்ப்யூட்டர் லேபுக்குள் செருப்புடன் போக முடியாது. வாசலில் கழற்றிவிட்டு, குளிரூட்டிய அறைக்குள் வெறுங்காலோடு போவோம். உள்ளே சில்லிட்ட தரை, பச்சை எழுத்துகள், புதுக் கம்பளத்தின் ரப்பர் வாசனை. வெளியே செருப்புகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும். ஒருநாள் வரதன் வெளியே வந்தபோது அவனுடையது இல்லை. இரண்டும் இடதுகாலுக்கான ஒரு ஜோடிதான் மிச்சம். அதைப் போட்டுக்கொண்டு சத்திரம் பஸ் நிலையம் வரை ஒரு பக்கமாகச் சாய்ந்தபடி நடந்தான். நான் சிரித்ததற்கு என்னோடு ஒரு வாரம் பேசவில்லை.

பிறகு நான் ஊர் ஊராக அலைந்தேன். ஒரு வேலையில் இரண்டு மழைக்காலம் இருந்தாலே எனக்கு அதிகம். புனே, மைசூர், நடுவில் சில மாதம் பச்சைமலையில் ஒரு தொண்டு நிறுவனம். அங்கே பஸ் வராத நாள்களில் மரவள்ளிக் கிழங்கு வேகும் வாசனையை எழுதினேன், வேறு எதுவும் செய்யவில்லை. வரதன் மட்டும் கொள்ளிடத்துக்கும் காவிரிக்கும் நடுவில் அசையாமல் இருந்தான். அவனுக்கு அசைவு எல்லாம் திரைக்குள்தான்.

ஒருமுறை திரும்பி வந்திருந்தபோது, அந்த மொழியில் அப்படி என்ன இருக்கிறது என்று கேட்டேன்.

“எல்லாமே ஃபங்ஷன். ஒண்ண உள்ள குடுத்தா ஒண்ணு வெளிய வரும். அதே கேள்விக்கு எப்பவும் அதே பதில். நேத்தி கேட்டாலும், நாளைக்குக் கேட்டாலும், உங்காத்துல கேட்டாலும், எங்காத்துல கேட்டாலும். நடுவுல அது வெளியில எதையும் தொடாது. வெளியிலேர்ந்து எதையும் வாங்கிக்காது.”

குளித்துவிட்டு எதையும் தீண்டாமல் இருக்கும் ஆசாரத்தின் பெயரைச் சமையலறையிலிருந்து கோதை சொன்னாள்: “மடின்னு சொல்லுங்கோளேன். ஒரே வார்த்தை.”

“அதான். ஃபங்ஷன் மடியா இருக்கணும்.”

“அது மடியா இருக்கும். எழுதறவர்தான் குளிக்காம ஒக்காந்திருப்பார்.”

அந்த மொழியில் வரதன் எழுதிய முதல் ப்ரோகிராம் இந்தப் பஞ்சாங்கம். பழைய டேப்லெட் ஒன்றைக் காந்தம் ஒட்டி ஃப்ரிட்ஜ் கதவின் மேல்பக்கம் மாட்டியிருந்தான். திதி, நட்சத்திரம், ராகு காலம், விரத நாள். அது வந்த பிறகு வீட்டில் அச்சுப் பஞ்சாங்கம் வாங்குவது நின்றுபோனது. வேதா தன் ஃபோனிலும் ஒரு பிரதி போட்டுக்கொண்டாள்.

வரதனுக்கு ஒரு பழக்கம் இருந்தது. கம்பைலரின் ஒவ்வொரு புதிய பதிப்பும் வெளியாவதற்கு முன், அதைக்கொண்டு முதலில் இந்தப் பஞ்சாங்கத்தைத்தான் கட்டிப்பார்ப்பான். கட்டியதை உடனே ஃப்ரிட்ஜ் மேல் ஏற்றிவிடுவான். வெளியிடப்போகும் பதிப்பை முதலில் அவன் வீடு சாப்பிட வேண்டும். அது அவனுடைய நேர்மை.

வேதாவின் ஃபோனில் இருந்தது பழைய கம்பைலர் கட்டியது. கோதையின் ஃப்ரிட்ஜ் மேல் இருந்தது புதியது கட்டியது. ஒரே ப்ரோகிராம், ஒரே நாள், ஒரே கேள்வி, இரண்டு பதில்.

எதிர் வீட்டு அடுப்பு

ஸ்ரீரங்கத்தில் வசித்துக்கொண்டு ஏகாதசியைத் தவறவிடுவதற்குத் தனித் திறமை வேண்டும் என்று நீங்கள் நினைக்கலாம். நானும் நினைத்தேன்.

“எதிராத்து மாமி கார்த்தாலேர்ந்து அடுப்பே மூட்டலை. பாத்தேன்,” என்றாள் கோதை.

“பாத்துட்டுமா?”

“அவா வேற கணக்கு, அண்ணா. அவாளுக்கும் எங்களுக்கும் சில மாசம் ஒரு நாள் முன்னப் பின்ன வரும். எப்பவும் வரதுதான்.”

அவள் விளக்கியது இது. ஏகாதசிக்கு முந்தைய திதி தசமி. சூரிய உதயத்துக்கு முன்னால் நான்கு நாழிகையை, அதாவது ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்று அதிகமான அந்த விடியற்பொழுதை, தசமி கொஞ்சமாவது தொட்டுவிட்டால் இவர்கள் அன்று விரதம் இருக்க மாட்டார்கள். மறுநாளைக்குத் தள்ளுவார்கள். தொடாமல் அதற்கு முன்பே தசமி முடிந்துவிட்டால் அன்றைக்கே விரதம். எதிர் வீட்டில் அந்த நாழிகைக் கணக்குப் பார்ப்பதில்லை. எனவே ஒரே தளத்தில் ஒரு வீடு பட்டினி, இன்னொரு வீடு உப்புமா என்பது யாருடைய புருவத்தையும் உயர்த்தாது.

எங்கள் பாலக்கரை வீட்டில் விரத நாள் இவ்வளவு நுட்பமில்லை. தவக்காலத்து வெள்ளிக்கிழமை கறி கிடையாது, அவ்வளவுதான். அப்பா ஒரு வெள்ளிக்கிழமை நண்பர் வீட்டுக் கல்யாணத்தில் பிரியாணியைப் பாதி தாண்டிய பிறகு நினைவு வந்து நிறுத்தினார். இலையைப் பார்த்தார். “மிச்சம் வெச்சா அது ஒரு தனிப் பாவம்” என்று சொல்லி முடித்துவிட்டு எழுந்தார். அம்மா வீடு வரும்வரை பேசவில்லை. வந்த பிறகு நிறையப் பேசினாள்.

கோதை அடுப்படிக்குப் போனாள். கரண்டியைக் கழுவிக் கவிழ்த்தாள். மீதி உப்புமாவை ஒரு டப்பாவில் போட்டு எனக்கென்று மூடி வைத்தாள். வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

“இனிமே இன்னிக்கு ஒண்ணும் வேண்டாம். நாளைக்குத் துவாதசிக்கு அகத்திக்கீரை வாங்கணும்,” என்றாள். பிறகு கணவனைப் பார்த்து, “தப்பு உங்க பஞ்சாங்கத்துலயா, இல்ல நீங்க இன்னிக்குக் கையெழுத்துப் போடப் போறேளே, அதுலயா?” என்று கேட்டாள்.

“அதத்தான் பாக்கறேன்.”

பூஜ்யத்துக்கு இந்தப் பக்கம்

மதியத்துக்குள் கண்டுபிடித்துவிட்டான். எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன்.

உலகத்தின் பெரும்பாலான ப்ரோகிராம்கள் நாளை நள்ளிரவிலிருந்து எண்ணுகின்றன. அங்கே நேரம் பூஜ்யத்தில் தொடங்கி ஏறிக்கொண்டே போகும். வரதனின் பஞ்சாங்கம் சூரிய உதயத்திலிருந்து எண்ணுகிறது. உதயம் பூஜ்யம். உதயத்துக்கு முந்தைய பொழுதெல்லாம் மைனஸ்.

அன்று தசமி முடிந்தது உதயத்துக்கு நாலேகால் நாழிகைக்கு முன்னால். மைனஸ் நாலேகால். நிமிடங்களை வகுத்து வந்த அதை முழு எண்ணாக்க வேண்டும். அந்த மொழியின் விதிப்படி எப்போதும் கீழ்ப்பக்கம் தள்ள வேண்டும், மைனஸ் ஐந்து, நான்கு நாழிகை எல்லைக்கு வெளியே. தசமி விடியலைத் தொடவில்லை, இன்றே ஏகாதசி. புதிய கம்பைலரில் வகுத்தலை வேகமாக்க யாரோ ஒரு குறுக்குவழி சேர்த்திருந்தார்கள். அது பூஜ்யத்தை நோக்கி இழுத்தது, மைனஸ் நான்கு, எல்லைக்குள். தசமி தொட்டுவிட்டது, விரதம் நாளை.

பூஜ்யத்துக்கு மேலே இருக்கும் எண்களுக்குக் குறுக்குவழியும் நேர்வழியும் ஒரே இடத்தில்தான் போய்ச் சேரும். பூஜ்யத்துக்கு முன்னால் போகிறவர்களுக்குத்தான் வழி பிரிகிறது. அந்தக் கூட்டத்தின் சோதனைகளில் யாரும் அந்தப் பக்கம் போய்ப் பார்த்திருக்கவில்லை.

“சரி, ஒரு வரில திருத்திடலாமே,” என்றேன்.

“திருத்தறது ஒரு வரி. திருத்தினப்புறம் எல்லா எந்திரத்துலயும் மறுபடியும் கட்டிச் சோதிக்கணும். இன்னிக்கு முடியாது. தள்ளணும்.”

தள்ளணும் என்ற சொல்லை அவன் லேப்டாப்பைப் பார்த்துச் சொன்னான்.

ஒருவர்

மாலைக்கு முன் வீடியோவில் ஹெல்கா வந்தார். குளிர் நாடொன்றில் இருப்பவர், வயதில் எங்களுக்கு மூத்தவர், அந்தக் கூட்டத்தை ஒருங்கிணைப்பவர். அவர் பின்னால் ஜன்னலில் வெயில் வெள்ளையாக இருந்தது. வரதன் எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் சொன்னான். அவர் பொறுமையாகக் கேட்டார்.

இதனால் இதுவரை பாதிக்கப்பட்டவர்கள் எத்தனை பேர் என்று கேட்டார்.

“ஒருவர்,” என்றான் வரதன், தன்னைக் கணக்கில் சேர்க்காமல்.

யார்?

“என் மனைவி.”

அவருக்கு என்ன ஆயிற்று என்று ஹெல்கா கவலையோடு கேட்டார். வரதன் சற்றுத் தயங்கி, சாப்பிட்டுவிட்டாள் என்றான். ஹெல்கா சிரிக்கவில்லை, அதை நான் குறித்துக்கொண்டேன். பலர் இந்தப் பதிப்புக்காகக் காத்திருக்கிறார்கள், இன்று வெளியிட்டுவிட்டு அடுத்த மாதம் ஒரு சிறு திருத்தப் பதிப்பு விடலாம், அதில் தவறில்லை என்றார். ஆனால் இன்று முடிவு உன்னுடையது, கையெழுத்தும் உன்னுடையது என்றும் சொன்னார். சற்று நேரத்தில் சொல்கிறேன் என்று வரதன் அழைப்பை முடித்தான்.

கோதை சுவரில் சாய்ந்து விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள். தண்ணீர்கூடக் குடித்ததாகத் தெரியவில்லை.

“என்னவாம்?”

“இன்னிக்கே விட்டுடலாம்கறா.”

“விடுங்கோ.”

“அப்படிச் சொல்லாதே.”

“வேற எப்படிச் சொல்றது? எனக்காக நிறுத்த வேண்டாம். நான் சாப்பிட்டது சாப்பிட்டாச்சு. அத எந்தத் திருத்தப் பதிப்பும் வெளிய எடுக்காது.”

வரதன் என்னைப் பார்த்தான். எனக்கு அதில் கருத்து இருப்பதாகக் காட்டிக்கொள்ளாமல் பால்கனிக்குப் போனேன். தெருவில் ஒருவர் ஜீயபுரம் வாழைத்தார்களை வேனிலிருந்து இறக்கிக்கொண்டிருந்தார். தார் ஒவ்வொன்றும் தரையைத் தொடும்போது ஒரே மாதிரி மெத்தென்ற ஓசை.

உள்ளே கோதையின் குரல் கேட்டது.

“வேதாகிட்ட மட்டும் சொல்லிடுங்கோ. புதுசை ஏத்திக்க வேண்டாம்னு.”

“ஏன்?”

“தப்புன்னு தெரியறதே. தெரிஞ்சப்புறம் தங்கைக்குக் குடுக்க முடியுமா?”

நாற்காலி நகரும் ஓசை கேட்டது. நான் திரும்பி வந்தபோது வரதன் தட்டச்சு செய்துகொண்டிருந்தான். நிறுத்துகிறேன் என்று இரண்டே வரி. காரணத்தையும் திருத்தத்தையும் கீழே சேர்த்தான். அனுப்பிய பிறகு லேப்டாப்பை மூடவில்லை. மூடியில் இருந்த காப்பிக் கறையை நகத்தால் சுரண்டினான். அது போகவில்லை.

“பிரான்சிஸ், அந்த முதல் வரிய எடுத்துடு.”

“எது?”

“பழையது எதுவும் மாறலைங்கறது.”

ஆணி

பதிப்பு பிறகு ஒருநாள் வெளியானது. கையெழுத்து வேறொருவருடையது, எங்கள் யாருக்கும் உச்சரிக்கத் தெரியாத பெயர். வெளியீட்டுக் குறிப்பில் ஒரு நீளமான நன்றிப் பகுதி இருந்தது. அகர வரிசையில் கடைசிக்குப் பக்கத்தில் வரதன் இருந்தான். நான் எழுதிய குறிப்பில், பூஜ்யத்துக்கு முன்னால் இருந்த ஒரு விடியற்காலையைப் பற்றி ஒரு வாக்கியம் வைத்திருந்தேன். எடுத்துவிட்டார்கள். ‘எதிர்மறை எண்களின் வகுத்தலில் பிழை திருத்தம்’ என்பது மட்டும் அவர்களுடைய மொழியில் மிச்சமிருந்தது. நல்ல வாக்கியம்தான், அதற்குமேல் நான் சேர்த்ததெல்லாம் எனக்காகச் சேர்த்தது.

இன்னொன்றும் நடந்தது. எங்கோ ஒரு தீவின் படகுத்துறைக்குக் கடல் ஏறி இறங்கும் நேரத்தைக் கணக்கிடுகிற ஒருவர் வரதனுக்கு எழுதியிருந்தார். அவருடைய கணக்கு, கடல் உச்சத்தில் ஏறி நிற்கும் வேளையைப் பூஜ்யமாக வைத்து, அதற்கு முன் மைனஸ், பின் ப்ளஸ் என்று எண்ணுவது. சோதனைப் பதிப்பில் தனக்கும் ஒரு மணி நேரம் பிசகியதாகவும், தன் தவறென்றே நினைத்துத் தேடிக்கொண்டிருந்ததாகவும் சொல்லியிருந்தார்.

வரதன் அதைக் கோதைக்கு வாசித்துக்காட்டினான்.

“அவாளும் உதயத்துலேர்ந்துதான் எண்றாளா?”

“உதயம் இல்லை. கடல் ஏறி நிக்கற நேரத்துலேர்ந்து.”

“சரி. அவாளுக்கு அது உதயம்,” என்று சொல்லிவிட்டு ஸ்கூலுக்குப் புடவை மடிப்பெடுக்கப் போய்விட்டாள்.

இந்தக் கம்பைலரைப் புதிதாகக் கட்டுகிறவர் எந்த ஊரில் இருந்தாலும், இப்போது அது ஒரு சோதனையைக் கடந்தாக வேண்டும். அந்தச் சோதனையில் ஒரு தசமி, உதயத்துக்கு நாலேகால் நாழிகை முன்னால் முடிகிறது. அது என்ன கணக்கென்று யாருக்கும் தெரியாது. சரியாக வந்தால் திரையில் பச்சைப் புள்ளி வரும், அவ்வளவுதான்.

அடுத்து வந்த ஓர் ஏகாதசிக் காலையில் நான் அங்கே இருந்தேன். கதவுக்குப் பக்கத்தில் ஒரு புதிய ஆணி, அதில் அச்சுப் பஞ்சாங்கம். ராஜகோபுரத்துக்குப் பக்கத்துக் கடையில் வரதனே போய் வாங்கி வந்து அடித்து மாட்டியிருந்தான். மஞ்சள் அட்டை இன்னும் மடங்கவில்லை.

கோதை குளித்துவிட்டு ஈரத் தலையோடு வந்தாள். “ஃப்ரிட்ஜ் மேல என்ன போட்டிருக்கு?”

“இன்னிக்குத்தான். அச்சுலயும் பாத்துட்டேன், அதுலயும் இன்னிக்குத்தான்.”

“அத யாரு கேட்டா?”

அன்று அடுப்பு மூட்டவில்லை. எனக்கு மட்டும் கீழே கடையிலிருந்து காப்பி வந்தது. பள்ளிக்குக் கிளம்பும்போது அவள் கதவருகே நின்று கையை நீட்டி, பஞ்சாங்கத்தின் மேல் தொங்கிய வீட்டுச் சாவியை எடுத்துக்கொண்டாள். அந்த ஆணி வந்ததிலிருந்து சாவி அங்கேதான் தொங்குகிறது என்றான் வரதன்.